நனையாத ஒரு ஜோடி

"இது மலைக்குப் போற பை இல்லக்கா. மாமியார் வூட்டுக்குப் போற பை!"

மேஜைமேல் கொட்டிக் கிடந்த ஈரச் சாமான்களைப் பார்த்துச் சொன்னான் குப்புராஜ்.

அபிதகுஜாம்பாள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் நடக்க மொத்தமே ஆறடி இடம்தான். அந்த ஆறடியைக் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஜூலை வெயில் தகரக் கூரைகளை வறுத்துக்கொண்டிருந்தது. அறைக்குள்ளே, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையின் வாடை.

அபிதாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் விபத்துக் கேஸ்களைச் சரிபார்த்தவள். பொய் சொல்கிற மனிதனைவிட, பொய் சொல்கிற பம்பரைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயர். வேலையை விட்ட கையோடு துப்பறியும் அலுவலகம் தொடங்கினாள். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த குப்புராஜ், ஒரு கேஸில் சாட்சியாக வந்தவன், அப்படியே ஒட்டிக்கொண்டான். இப்போது அவன்தான் டிரைவர், குமாஸ்தா, கேட்காமலே கருத்துச் சொல்லும் ஆலோசகர் எல்லாம்.

பைக்குச் சொந்தக்காரர் பெயர் பிரிட்டோ. கீழ்க்கட்டளைக்காரர். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். சனி, ஞாயிறு வந்தால் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு மலையேறப் போய்விடுவார். அதிலும் மழைக்காலத்து மலை என்றால் அவருக்கு உயிர். போன சனிக்கிழமை மதியம், "ஒரு சின்ன வேலை, சாயங்காலம் வந்துடுவேன்" என்று மனைவி ஜான்சியிடம் சொல்லிவிட்டு, எங்கே போனாலும் தோளில் தொங்கும் அந்த நீலப் பையோடு கிளம்பினார். இரவு அவர் ஃபோனிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'திடீர் பிளான். மலைக்குப் போறேன். சிக்னல் இருக்காது. செவ்வாய்க்கிழமை வந்துடுவேன்.'

செவ்வாய் போனது. புதனும் போனது. ஃபோன் கடைசியாக உயிரோடு இருந்த இடம் தேனிக்கு மேற்கே ஒரு மலையடிவாரம். வனத்துறையும் போலீஸும் கொட்டுகிற மழையில் தேட ஆரம்பித்தார்கள். ஜான்சி அபிதாவிடமும் கேஸை ஒப்படைத்தாள். வியாழக்கிழமை காலை, ஓர் ஓடைக்கரையில் இந்தப் பை கிடைத்தது. தேடும் குழுவோடு இருந்த ஜான்சியின் தம்பி ஜேசன், போலீஸ் படமெடுத்துக்கொண்டதும் அடையாளம் காட்டுவதற்காக அதை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி, விடிந்ததும் அபிதாவின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

"ஒண்ணு ஒண்ணா சொல்லு" என்றாள் அபிதா, நடையை நிறுத்தாமல்.

"ஜீன்ஸ் ரெண்டு. தண்ணி குடிச்சு குடிச்சு செங்கல் கணக்கா கீது. காட்டன் பனியன் மூணு. காட்டன் துண்டு ஒண்ணு. இறகு அடைச்ச ஜாக்கெட்டு ஒண்ணு, புழிஞ்சா அர பக்கெட் தண்ணி வரும். டார்ச் லைட்டு, பேட்டரி ஊறி பூத்துப்போச்சு. அப்பால இதப் பாரு, பைக்கு மேல போட வேண்டிய ரெயின் கவரு. அத மடிச்சு எல்லாத்துக்கும் அடியில வெச்சிகினு கீறாரு. குடைய பீரோல பூட்டிட்டு மழைல போன மாதிரி."

"அவ்வளவுதானா?"

"ஒரு ஜோடி சாக்ஸு. இது மட்டும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, காத்தெல்லாம் புடுங்கி, பொட்டலம் கட்டி கீது. இது ஒண்ணுதான் நனையல."

அபிதா ஜான்சிக்கு ஃபோன் செய்தாள். குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கும் ஜான்சி, மூன்று நாளாகத் தூங்காத குரலில் பேசினாள்.

"அதுல இருக்கிறது எதுவுமே அவர் எடுக்கிற பொருள் இல்ல மேடம். மழை மலையில காட்டன் போடறது ஈரத் துணியச் சுத்திக்கிட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள உட்கார்ற மாதிரின்னு பசங்களுக்கு கிளாஸே எடுப்பார். அவரோட மலை சாமானெல்லாம் வீட்டு ஷெல்ஃப்ல அப்படியே இருக்கு."

"சமீபத்துல ஏதாவது மனக்கஷ்டம்?"

"ஷர்மிளான்னு ஒரு பொண்ணு அவர் குரூப்ல. மூணு வாரத்துக்கு முன்னாடி மலையில மழைக்கோட்டுக்குள்ள தண்ணி புகுந்து, குளிர்ல வெறைச்சுப்போய், நினைவில்லாமத் தூக்கிட்டு வந்தாங்க. இப்போ பரவாயில்ல. ஆனா அன்னையிலேர்ந்து இவர் தூங்கல. அந்த ஜாக்கெட்டை சமையல்கட்டுல உட்கார்ந்து கத்தரியால வெட்டி வெட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தார்."

அபிதா நன்றி சொல்லி வைத்தாள். நடை நின்றது.

"குப்பு, இந்தப் பையைக் கட்டினவனுக்கு மழையும் தெரியாது, மலையும் தெரியாது. யாரோ கட்டி, ஃபோனையும் எடுத்துட்டுப் போய் அங்க போட்டிருக்காங்க. பிரிட்டோ மலைக்கே போகல."

காணாமல் போனவர் புகாரை விசாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கன்னியம்மாவிடம் அதையே ஃபோனில் சொன்னாள். கன்னியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், ஜீன்ஸ் எடுத்துட்டுப் போனார்னு சொல்லி நான் தேடற டீமைத் திருப்ப முடியுமா? நாளைக்கு அவர் அங்கேயே கிடைச்சா என் தொப்பி போயிடும். இந்த விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லட்டும், நான் பேசறேன்."

விஷயம் தெரிந்த ஒருத்தர். அந்தப் பெயரையும் ஜான்சிதான் கொடுத்தாள். ஜெயவேலு. கிழக்குத் தாம்பரத்தில் மலையேற்றச் சாமான் கடை வைத்திருப்பவர். பிரிட்டோவுக்கு எட்டு வருஷப் பழக்கம். முந்தாநாள்கூட வீட்டுக்கு வந்து, ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாராம்.

* * *

"பையை முதல்ல காட்டாதே" என்றாள் அபிதா, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது. "நல்ல வண்டி எப்படி இருக்கும்னு மெக்கானிக்கை முதல்ல சொல்ல வைக்கணும். உடைஞ்சதை அப்புறம் காட்டணும். முதல்லயே உடைஞ்சதைக் காட்டினா, அவன் நம்ம மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்லுவான்."

கடை சின்னதுதான், ஆனால் நேர்த்தி. கயிறுகள், கைத்தடிகள், சுவர் முழுக்கக் காலணிகள். ஜெயவேலுவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை டி-ஷர்ட், பதவிசான பேச்சு.

"அடுத்த வாரம் மலைக்குப் போறோம்" என்றாள் அபிதா. "சரியான மழையாம். இவனுக்கும் எனக்கும் எல்லாமே வேணும். ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

ஜெயவேலுவின் முகம் மலர்ந்தது. இந்த வேலையை விரும்பிச் செய்கிறவர் என்பது மறுநிமிஷமே தெரிந்தது.

"முதல்ல இந்த ஜீன்ஸ மறந்துடுங்க தம்பி" என்று குப்புராஜின் காலைத் தொட்டுக் காட்டினார். "நனைஞ்சா மூணு நாளைக்குக் காயாது. கால்ல கல்லைக் கட்டின மாதிரி. காட்டன் பனியனும் ஆகாது. ஒதறினா காயற துணிதான் வேணும்."

"இந்த இறகு ஜாக்கெட்டு சோக்கா கீதே சார்?" குப்புராஜ் ஹேங்கரிலிருந்து ஒன்றை இழுத்தான்.

"அது லடாக் மாதிரி காஞ்ச குளிருக்கு. மழையில அது நனைஞ்ச கோழி. நனைஞ்ச கோழிகிட்ட சூடு இருக்குமா?"

"கொழம்பு வெச்சா இருக்கும்."

ஜெயவேலு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு மழை ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். "துணி எல்லாரும்தான் பார்ப்பாங்க. தையலை யாரும் பார்க்க மாட்டாங்க. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டை. அதுமேல உள்பக்கம் இந்த மாதிரி டேப் ஒட்டியிருக்கணும். டேப் இல்லாதது ரெயின்கோட் இல்ல, வடிகட்டி."

காலணிக்கு வந்தார். தண்ணீரே புகாது என்று சொல்லும் ஷூவை நம்பாதீர்கள் என்றார். மேலே கணுக்கால் வழியாக இறங்கும் தண்ணீர் அதற்குள்ளேயே குட்டை கட்டி நிற்கும், வெளியே போக வழியிருக்காது. தண்ணீர் வடியக்கூடிய ஷூவாக இருக்க வேண்டும், அடிப்பாகத்தை நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். கட்டை மாதிரி இருந்தால் பாசிப் பாறையில் பல் போகும். பைக்கு மேலே ரெயின் கவர் போட்டால் போதாது, முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கும், அதனால் பைக்கு உள்ளே பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்து அதற்குள் அடுக்க வேண்டும். அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால்வரை தனி உறை. அபிதா ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு. ஒரே ஒரு ஜோடி சாக்ஸ், காத்துப் போகாமக் கட்டி அடியில வெச்சுடணும். பிரிட்டோன்னு ஒரு வாத்தியார் பசங்களுக்குச் சொல்லித் தருவார். அந்தக் கடைசி ஜோடியை, உயிருக்கு ஆபத்துன்னாதான் பிரிக்கணும்னு." ஜெயவேலுவின் கண் கலங்கியது. "பாவம், அவரே இப்போ மலையில காணாமப் போயிருக்கார்."

அபிதா நோட்டை மூடினாள். தன் கார்டை எடுத்து நீட்டினாள். "அவர் விஷயமாத்தான் வந்திருக்கோம். மன்னிக்கணும், முதல்லயே சொல்லல. குப்பு, பையை வை."

நீலப் பை கல்லா மேஜையில் உட்கார்ந்தது.

ஜெயவேலு கார்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மெல்லத் திறந்தார். அவர் கை முதலில் தொட்டது ஈர ஜீன்ஸை. கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு இறகு ஜாக்கெட். பிறகு அடியிலிருந்த ரெயின் கவர்.

"மலைக்குப் போறவர் கட்டின பைதானா இது?" என்று கேட்டாள் அபிதா.

ஜெயவேலு தொண்டையைச் செருமினார். "ஆமா மேடம். சரியாத்தான் இருக்கு. அனுபவஸ்தங்க அவங்கவங்க ஸ்டைல்ல எடுத்துட்டுப் போவாங்க. அவர் மேலதான் எங்கேயோ இருக்கார். தேடறதை நிறுத்திட வேணாம்னு போலீஸ்கிட்ட சொல்லுங்க."

குப்புராஜ் வாயைத் திறந்தான். அபிதா அவன் காலை மிதித்தாள்.

"ரொம்ப நன்றி. அதைத்தான் போலீஸும் கேட்டாங்க. நீங்க சொன்னீங்கன்னு சொல்லிடறேன்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

* * *

தெருமுனைவரை ஆட்டோவை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் குப்புராஜ் வெடித்தான். "இன்னாக்கா இது! பத்து நிமிசத்துக்கு முன்னாடி ஜீன்ஸு கல்லுன்னாரு. இப்ப ஸ்டைலுன்றாரு. டபாய்க்கிறாரு!"

"டபாய்க்கிறார். தெரிஞ்ச ஆள் ஏன் தெரியாத மாதிரி பேசணும்? பிரிட்டோ மலையிலதான் இருக்கார்னு எல்லாரும் நம்பணும்னா மட்டும்தான்." அபிதாவின் விரல்கள் முன்கம்பியில் தாளம் போட்டன. "ஆனா ஒண்ணு உதைக்குது."

"இன்னா உதைக்குது?"

"இந்த வேலையில அவன் கை இருந்தா, பையை அவ்வளவு அழகாக் கட்டியிருப்பானே? ஒரு தப்பு இருக்காதே? பையைத் திறந்தப்ப அவன் மூஞ்சியைப் பார்த்தியா? அவனே இதை இப்பதான் முதல்முறையாப் பார்க்கிறான்."

"அப்ப கட்டினது யாரு? அவனோட ஆளா?"

"மலை தெரியாத ஆள் கட்டியிருந்தா எல்லாமே தப்பா இருக்கணும் குப்பு. இதுல ஒண்ணு மட்டும் நூத்துக்கு நூறு சரி."

இருவரும் ஒரே நேரத்தில் அந்த சாக்ஸ் பொட்டலத்தைப் பார்த்தார்கள்.

மழை தெரியாதவன் கட்டிய பை என்று காலையிலிருந்து நினைத்தது தலைகீழாகக் கவிழ்ந்தது. இதைக் கட்டியவர் பிரிட்டோவேதான். ஜெயவேலுவின் ஆள் யாரோ பக்கத்தில் நின்று மிரட்ட, 'மலைக்குப் போகிற மாதிரி ஒரு பை கட்டு' என்று சொல்ல, அவர் அங்கே கிடந்த சாமான்களிலிருந்து ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே தப்பாக எடுத்திருக்கிறார். நின்றவனுக்குத் தெரியாது. ஜான்சிக்குத் தெரியும். அவரிடம் படித்த பையன்களுக்குத் தெரியும். எல்லாம் தப்பாக இருந்தால், சரியாக இருக்கிற ஒன்றை அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.

அபிதா பல்லாலேயே கவரைக் கிழித்தாள். சாக்ஸுக்குள் விரலை விட்டாள். நாலாக மடித்த ஒரு காகிதம். கூரியர் பெட்டிமேல் ஒட்டும் சீட்டு. அனுப்புநர் என்ற இடத்தில் ஜெயவேலுவின் கடைப் பெயர், ஆனால் கடை விலாசம் இல்லை. ஊரப்பாக்கம், ரயில்வே லைனை ஒட்டிய ஒரு தெரு, கிடங்கு எண் மூன்று.

பின்னால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பினார்கள்.

பட்டப்பகல் மூன்று மணிக்கு ஜெயவேலு கடை ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் ஷட்டர், ஒரு கையில் ஃபோன்.

"ஏறுக்கா!" என்றான் குப்புராஜ்.

* * *

ஜி.எஸ்.டி. சாலை அன்றைக்கென்று நகர மறுத்தது. பெருங்களத்தூரில் வண்டிகள் சோற்றுப் பருக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. குப்புராஜ் இடுக்குகளில் நுழைந்து, இரண்டு லாரிகளின் சாபத்தையும் ஒரு பேருந்தின் ஹாரனையும் வாங்கிக்கொண்டு முன்னேறினான். அபிதா இருக்கையின் நுனியில் உட்கார்ந்து கன்னியம்மாவிடம் சீட்டைப் படித்துக் காட்டினாள். இந்தமுறை இன்ஸ்பெக்டர் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

"நான் வண்டலூர்லதான் இருக்கேன். வர்றேன். நீங்க உள்ளே போயிடாதீங்க."

"போகல" என்றாள் அபிதா. ஃபோனை வைத்தபின் குப்புராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"நெசமா போகலையா?"

"ஓட்டு."

கிடங்கு எண் மூன்றின் இரும்புக் கேட் திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளை வேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தடித்த காவலாளி ஒருவன் பின்கதவை அடித்துச் சாத்திவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினான். இன்னும் ஒரு நிமிஷம் கழிந்திருந்தால் போயிருக்கும்.

குப்புராஜ் ஆட்டோவைக் கேட்டின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினான். சாவியைத் திருகினான். வண்டி ஒரு குலுக்கல் குலுங்கி அடங்கியது.

"யோவ், எடுய்யா வண்டிய!" காவலாளி கத்தினான்.

"எடுக்கத்தான் பாக்குறேன் தலீவா. ஸ்டார்ட் ஆவலியே! நான் இன்னா வேண்டிகினா வந்து உன் வாசல்ல நிக்கிறேன்? ஒரு கை தள்ளேன், புண்ணியமாப் பூடும்."

"தள்ளறதா? ஏறி மிதிச்சிடுவேன்!"

"மிதி, மிதி. மிதிச்சாலாவது ஸ்டார்ட் ஆவுதா பாப்போம்."

காவலாளி இறங்கி ஓடி வந்து ஆட்டோவைத் தள்ளினான். குப்புராஜ் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்தச் சந்தடியில் அபிதா சுவரோரமாக நழுவி வேனின் பின்பக்கம் போனாள். தகரத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி தட்டினாள்.

உள்ளேயிருந்து, மெதுவாக, இரண்டு தட்டு.

கதவைத் திறந்தாள். மூலையில், கைகால் கட்டப்பட்டு, ஆறு நாள் தாடியோடு பிரிட்டோ. அவர் வாயில் அகலமாக ஒரு டேப். ஜாக்கெட் தையல்களில் ஒட்டியிருக்க வேண்டிய டேப் அது. அதை அவர் வாயில் ஒட்டியிருந்தார்கள்.

காவலாளி திரும்பிப் பார்த்தபோது தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. ஓட வழியில்லை. அவன் கேட்டை ஆட்டோ அடைத்துக்கொண்டிருந்தது. ஜீப்புக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த ஜெயவேலு, கன்னியம்மாவைக் கண்டதும் வண்டியைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்ச நாள் பேசாம இருங்கன்னுதான் கெஞ்சினேன் மேடம்" என்றார் யாரையும் பார்க்காமல். "எட்டு வருஷப் பழக்கம். கேட்கவே மாட்டேன்னுட்டார்."

"அதுக்கு வேன் எதுக்கு? எங்க கொண்டுபோகச் சொன்னீங்க?" என்று கேட்டார் கன்னியம்மா. ஜெயவேலு முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டார். மழைக்கால மலையில் ஏற்கெனவே தொலைந்துபோனவர் என்று ஊரே நம்புகிற மனிதரை எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்பதை யாரும் கன்னியம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அபிதா டேப்பைப் பிய்த்தாள். கேஸ் முடிந்தது என்று நினைத்தாள். ஜான்சிக்குச் சொல்ல ஃபோனை எடுத்தாள்.

பிரிட்டோ தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "மணி என்ன?" என்றார்.

"நாலு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

"ஆமாம் சார்."

அவர் அபிதாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "அஸ்தினாபுரத்துல ஒரு பள்ளிக்கூடம். அஞ்சு மணிக்கு பஸ் கிளம்புது. அறுபது பிள்ளைங்க, எட்டாங்கிளாஸ். மலையில மூணு நாள் கேம்ப். அவங்களுக்கு ஜாக்கெட் இங்கேயிருந்துதான் போயிருக்கு. ஷர்மிளா போட்டிருந்தாளே, அதே ஜாக்கெட். பெரிய கம்பெனி லேபிளை இங்கேதான் வெச்சுத் தைக்கிறாங்க. தையல்ல டேப்பே கிடையாது. அதைக் கேட்கத்தான் வந்தேன். பெட்டியில அடுக்கிட்டு இருந்தாங்க. நிறுத்துங்கன்னேன்."

கன்னியம்மா வயர்லெஸ்ஸை எடுத்தார். அபிதா கிடங்கிலிருந்த ஆர்டர் தாளைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து எண்ணை அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பயணம் கிளம்புகிற அமர்க்களத்தில் ஆபீஸ் அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

"ஸ்டேஷன்லேர்ந்து ஆள் அனுப்பறாங்களாம்" என்றார் கன்னியம்மா. "நான் சாரை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறேன். நீங்க..."

நீங்க என்று அவர் திரும்பியபோது அபிதா ஆட்டோவில் இருந்தாள். ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகியிருந்தது.

* * *

பள்ளி மைதானத்தில் இரண்டு பேருந்துகள் நின்றன. அபிதா இறங்கும்போது ஐந்து மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம். அனுப்புவதாகச் சொன்ன போலீஸ்காரர் இன்னும் வரவில்லை.

அறுபது பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அந்தப் புழுக்கத்தில் எல்லாரும் மஞ்சள் மழை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்து வேர்க்க வேர்க்க ஃபோட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாசிரியை ரோஸியும் அதே மஞ்சள் ஜாக்கெட்டில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அபிதா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். ரோஸி நிதானமாகக் கேட்டாள்.

"மேடம், நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. இதுல கம்பெனி லேபிள் இருக்கு பாருங்க. சர்டிஃபிகேட்டும் கொடுத்திருக்காங்க. பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய நிக்கிறாங்க. நான் எதைச் சொல்லி நிறுத்தறது?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட பேசுங்க, நான் நம்பர் தர்றேன்..."

"டீச்சர்" என்று குறுக்கே வந்தான் குப்புராஜ். "பேச்சு எதுக்கு? உங்க ஜாக்கெட்ட ஒரு நிமிசம் கொடுங்க."

அவள் தயங்கிக் கழற்றிக் கொடுத்தாள். குப்புராஜ் அதைத் தன் வெளிர்நீலச் சட்டைமேல் மாட்டி, தொப்பியைத் தலையில் கவிழ்த்து, ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டான். இறுக்கிப் பிடித்தது. நேராக மைதானத்து ஓரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் போனான்.

"யக்கா, பைப்பத் தூக்கி என் தலைமேல வுடு. ஓரவஞ்சன பண்ணாத, முதுகுலயும் வுடு."

தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். குப்புராஜ் கையை விரித்துக்கொண்டு மெல்லச் சுற்றினான். விசில் பறந்தது. யாரோ எண்ண ஆரம்பித்தார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது!

தண்ணீர் நின்றது. குப்புராஜ் ரோஸியின் முன்னால் வந்து நின்று ஜிப்பை இறக்கினான்.

வெளிர்நீலச் சட்டை கருநீலமாகியிருந்தது. தோள், மார்பு, வயிறு எல்லாம். சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கைக்குட்டையை எடுத்துப் பிழிந்தான். அதிலிருந்தும் ஒழுகியது.

பிள்ளைகளின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"இங்க வெய்யில் டீச்சர்" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. "நான் சோக்கா குளிச்சிட்டேன், அஞ்சு நிமிசத்துல காஞ்சிடும். மேல ராத்திரி முச்சூடும் மழை. இத்தப் போட்டுகினு ஒரு பொண்ணு போன மாசம் கட்ட கணக்கா வெறைச்சிப் போச்சு."

ரோஸி கையை நீட்டி அவன் தோளில் இருந்த ஈரத்தைத் தொட்டாள். தன் விரல்களைப் பார்த்தாள். பேருந்தின் ஜன்னலோர இடத்தைப் பிடிப்பதற்காக முதல் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண், என்ன நடக்கிறது என்று புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸி பெயர்ப் பட்டியலை மடித்தாள். பேருந்து டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இன்ஜின் நின்றது.

"எல்லாரும் ஜாக்கெட்டைக் கழட்டுங்க" என்றாள்.

அறுபது ஜிப்புகள் இறங்கும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.